மஞ்சளாய்த் துடித்த பல்பு

1

“…நான் எழுதல மாப்ள, நீதான் எழுதியிருக்க. பல்பு மொதல்ல மஞ்சளா துடிச்சுச்சு, அப்புறந்தான் வெளுத்துச்சுன்னு. லைன் கரண்டு எந்த ஊர்ல மஞ்சளா துடிச்சுக்கிட்டு வரும்? நீ மணி அடிச்சியா, அடிக்கலியா? ஒத்த வார்த்தையில சொல்லு.”

கேட்டவர் சவரிமுத்து. என் மனைவி ரீட்டாவின் அண்ணன், எனக்கு மச்சான். இலங்கையில், இரத்தோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு மிளகுக் கடையில் தராசு பிடிக்கிறார். இடது கையால் மட்டும்தான் பிடிப்பார். வலது கை தோளுக்கு நாலு விரற்கடை கீழே முடிந்துவிடும். சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பார்.

இங்கே ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு மாட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். கேள்வி வந்த நேரம் கத்தி எலும்பில் மாட்டி நின்றது.

“மச்சான், படம் நின்னுருச்சு. சத்தமும் வரல.”

“எனக்கு நல்லாத்தான் தெரியுது. ஒன் கைல கத்தி இருக்கு. மூஞ்சி வேர்த்திருக்கு.”

சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். பதினேழு வருஷத்துப் பொய்க்கு மேல் இன்னொரு சின்னப் பொய். திரும்பிப் பார்த்தால் குசினி வாசலில் ரீட்டா நிற்கிறாள்.

2

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரம். வந்து போன மாதத்தோடு பதினாலு வருஷம். பாண், அதாவது ரொட்டி, செய்யும் தொழிற்சாலையில் வேலை. இரத்தோட்டைக்கு மேலே தேயிலைத் தொழிற்சாலையில் மெசின் பார்த்தவன், இங்கே துடைப்பத்தோடுதான் தொடங்கினேன். ஊரில் என் படிப்பு பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சையோடு நின்றது. மிச்சத்தை மெசின்கள் சொல்லிக்கொடுத்தன. அவை அடித்துத்தான் சொல்லிக்கொடுக்கும்.

முதல் வாரம் மா குழைக்கும் மெசின் பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மேற்பார்வையாளன் என்னைப் பார்த்து, “கில் இட்! கில் இட்!” என்று கத்தினான். கொல்லு என்கிறானே என்று துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு எலியைத் தேடினேன். மெசினை நிறுத்தச் சொல்லியிருக்கிறான். நான் எலி தேடிய நேரத்தில் அந்த மெசின் ஓர் இரும்புத் தள்ளுவண்டியை இழுத்து, மடக்கி, நசுக்கி வெளியே துப்பியது. வண்டிக்கு எலும்பு இருந்திருந்தால் சத்தம் இன்னொரு மாதிரி இருந்திருக்கும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன் எங்கள் ஷிப்டில் ஒரு போலந்துக்காரனுக்கு இரண்டு விரல் நுனி போனது. பாண் வெட்டும் பிளேடு. ரத்தம் தட்டு தட்டாக அடுக்கியிருந்த பாணில் எல்லாம் தெறித்திருந்தது. மறுநாள் ஷிப்டில் இருந்த மற்ற மூன்று தமிழ்ப் பொடியன்களுக்கு ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தேன்: “மெசினில் கை வைக்கும் முன் சுவிட்சுக்குப் பூட்டு போடு. சாவி உன் சட்டைப் பையில் இருக்கட்டும். அடுத்தவன் பையில் இருக்கிற சாவி உனக்கு யமன்.” அந்தக் கடதாசியை என் மகள் ஷரோன் பார்த்தாள். “அப்பா, திஸ் இஸ் எ ப்ளாக்” என்றாள். எனக்கு அந்தச் சொல் மரக்கட்டை மாதிரி கேட்டது. ஒரு மணி நேரத்தில் இணையத்தில் எனக்கு ஒரு பக்கம் திறந்து கொடுத்துவிட்டாள். “கை பத்திரம்” என்று பெயர் வைத்தேன்.

ஒரு பதிவுக்கு ஒரு காயம், ஒரு காரணம். அதுதான் என் கணக்கு. ஊரில் எங்கள் தேயிலைத் தொழிற்சாலை ஆட்கள் சொல்லுகிற சொல்லெல்லாம் அதில் வரும். “மெசினுக்கு மாமன் மச்சான் கெடையாது.” “எல கெட்டா ஏச்சு, கை கெட்டா போச்சு.” வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் ஆட்கள் எழுதினார்கள். சீகிரியாவில் ஹோட்டல் சலவை மெசின் பார்க்கிற ஒருவர், “அண்ணே, நீங்க சொன்ன பூட்டு எங்க மேனேஜரும் வாங்கிட்டாரு” என்று படம் அனுப்பினார். ஷரோன் ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் மாற்றிப் போட்டாள். அதை எங்கள் பாதுகாப்பு மேனேஜர் அம்மா, ஜூலி என்று பெயர், வாசித்தாள். துடைப்பம் போய் ஸ்பானர் வந்தது. இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுக்கும் வேலைக்கு என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சட்டை அழுக்குப்படாத வேலை. எழுதி எழுதியே ஏணியில் ஏறியவன் நான்.

அந்த ஏணியில் உச்சிப் படி ஐந்தாவது பதிவு. அதிகம் பேர் வாசித்தது அதுதான். அது மச்சானின் கை.

3

தேயிலைத் தொழிற்சாலையில் ரோட்டர்வேன் என்று ஒரு மெசின் உண்டு. கறி அரைக்கும் மெசினைப் பத்து மடங்கு பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். உருளைக்குள்ளே திருகுத் தண்டு. மேல்வாயில் கொழுந்தைப் போட்டால் தண்டு இழுத்து நசுக்கி மறுபக்கம் தள்ளும்.

எங்கள் தொழிற்சாலையில் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை. மணிதான். வராந்தாவில் தண்டவாளத் துண்டொன்று தொங்கும். ஜெனரேட்டரைப் போடுகிறவன் முதலில் அதை மூன்று தரம் அடிக்க வேண்டும். உள்ளே மெசினில் கை வைத்திருப்பவன் கையை எடுத்துக்கொண்டு மெசின் உடம்பில் இரண்டு தரம் தட்ட வேண்டும். தட்டு கேட்காமல் போடக்கூடாது. யாரும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் அங்கே எல்லாருடைய விரலும் அந்தச் சட்டத்தில்தான் மிச்சம் இருந்தது.

அன்று பின்னேரம் மழையோடு கரண்டு போனது. ரோட்டர்வேனுக்குள் அரைத்தும் அரைக்காமலும் கொழுந்து நின்றுவிட்டது. விட்டால் புளித்துப்போகும். மச்சான் மேல்வாயில் கையை விட்டு அள்ளத் தொடங்கினார். சுவிட்சை அணைக்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. கரண்டே இல்லாதபோது அணைக்க என்ன இருக்கிறது? டீமேக்கர் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலை அதிகாரி வாசலில் நின்ற என் காதருகே வந்து, “எல கெட்டுப்போகுதுடா, ஓடிப்போய் ஜெனரேட்டரப் போடு!” என்று கத்தினார். அதற்கு முதல் நாள்தான் பிந்தி வந்ததற்காக எல்லார் முன்னாலும் என் கன்னத்தில் அறைந்திருந்தார். அந்த அறைதான் காரணம் என்று சொல்ல எனக்கு ஆசை. அது உண்மையில்லை. உண்மைக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் கொட்டகைக்குள் ஓடி, பிடியைச் சுற்றி, ஜெனரேட்டரைப் போட்டேன். பல்பு முதலில் மஞ்சளாகத் துடித்தது. பிறகு வெளுத்தது. பிறகு அந்தச் சத்தம்.

முதலில் மெசினைச் சுற்றும் பட்டி, பெல்ட், அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மனிதன் அப்படிக் கத்துவான் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இருந்த இடத்திலேயே ஜெனரேட்டரை நிறுத்தாமல் உள்ளே ஓடினேன். அது இரண்டாவது பிழை. நான் ஓடிய நேரமெல்லாம் தண்டு சுற்றியது. தோள் வரைக்கும் மெசின் வாய்க்குள் போய், மச்சானின் கன்னம் இரும்பில் அறைபட்டு அறைபட்டு எழுந்தது. யாரோ அலவாங்கு என்கிற கடப்பாரையால் பட்டியை நெம்பித் தள்ளினார்கள். மெசின் நின்றது. கையை எடுக்கத் தண்டைப் பின்னால் சுற்ற வேண்டும். வேறு வழியில்லை. நான்தான் சுற்றினேன். முன்னால் சுற்றியபோது மச்சான் போட்ட சத்தத்தைவிட அப்போது போட்ட சத்தம்தான் இன்றும் என் காதில் இருக்கிறது. மறுபக்கத்தில் கொழுந்து சிவந்து வந்தது.

4

“கரண்டு திடீருன்னு வந்திருச்சு.” டீமேக்கர் அப்படித்தான் எழுதினார். எழுதிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அரை மணி நேரம் கழித்து நிஜமாகவே லைன் கரண்டு வந்தது. தகரக் கூரையில் அடித்த மழையில், கொட்டகையில் ஜெனரேட்டர் ஓடியது யாருக்கும் கேட்டிருக்கவில்லை. லயத்தில், ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், எல்லாரும் விளக்கு எரிந்ததைப் பார்த்தார்கள். யார் கையில் கடிகாரம் இருந்தது? பொய் தன்பாட்டில் உண்மையாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் லைன்மேன் சுமனதாச ஏணியோடு தோட்டத்து ரோட்டில் வந்தார். எங்கள் ஆட்கள் வளைத்துக்கொண்டார்கள்.

“ஆள் வேல செய்ற நேரத்துல எப்புடிடா கரண்டப் போட்ட?”

“நாலேகாலுக்குத்தான் போட்டது. அதுக்கு முந்தி லைன்ல ஒண்ணும் இல்ல,” என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே நின்றவர்களில் உண்மை நேரம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். “பொய் சொல்றான்” என்றேன்.

முதல் அடி நான் அடிக்கவில்லை. இரண்டாவதும் நான் இல்லை. ஏணியைப் பிடுங்கி அதாலேயே முதுகில் போட்டார்கள். அவர் விழுந்தார். விழுந்தவர் என்னைப் பார்த்து, “மம நெவெயி மல்லி, மம நெவெயி” என்றார். நான் இல்லை தம்பி, நான் இல்லை. அந்த வாய் மூடினால்தான் எனக்கு மூச்சு வரும் போலிருந்தது. என் கையில் ஸ்பானர் இருந்தது. மூன்றாவது அடி என்னுடையது. முன்பல் இரண்டும் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்தன. ஒன்று என் செருப்பில் ஒட்டியது. அதை நான் கல்லில் தேய்த்தேன்.

அவர் போலீசுக்குப் போகவில்லை. “அவங்களும் நானும் ஒரே பஸ்ஸில போறவங்க” என்றாராம்.

இதில் ஒன்றையும் ஐந்தாவது பதிவில் நான் எழுதவில்லை. கரண்டு வந்தது, கை போனது, ஆகவே சுவிட்சை அணையுங்கள் என்று எழுதினேன். வாசிக்கிறவன் கண் முன்னால் நடந்த மாதிரி இருக்க வேண்டுமே என்று மழையை எழுதினேன், கொழுந்து வாசத்தை எழுதினேன், பல்பு மஞ்சளாகத் துடித்ததையும் எழுதினேன். லைன் கரண்டு ஒரேயடியாக வெள்ளையாக வரும். மஞ்சளாகத் துடித்து வருவது ஜெனரேட்டர், அது இழுத்துப் பிடித்து மூச்சு வாங்குகிற நேரம். தொழில் தெரிந்தவன் என்று காட்டப் போய்த் தொழிலே என்னைக் காட்டிக்கொடுத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் விரலால் கெட்டேன்.

5

அந்தப் பதிவைத் தொழிற்சாலைப் பாடப் புத்தகத்தில் போட ஜூலிக்கு விருப்பம். அதற்கு ஒரு படிவம். இந்த நாட்டில் தும்மினாலும் படிவம் உண்டு. இந்தப் படிவத்தில் ஏழாவது பெட்டி: “யந்திரத்தை இயக்கியவர் யார்?” கடைசியில் “மேலே உள்ளது முழுவதும் உண்மை” என்று கையெழுத்து. ஏழாவதை வெறுமையாக விட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தது. “பொருந்தாது” என்று எழுதிக் கொடுத்தேன். பெட்டியைச் சுற்றி மஞ்சள் மை பூசி மறுபடி வந்தது. அந்த மஞ்சளையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஷரோன் அன்றைக்கே கேட்டவள்தான். மொழிபெயர்க்கும்போது, “அப்பா, ஹூ ஸ்டார்ட்டட் இட்?” என்றாள். “கரண்டு வந்துச்சும்மா” என்றேன். தோளைக் குலுக்கிவிட்டு எழுதினாள். பதினாறு வயது. தமிழை மாடிப்படி எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக வைத்துப் பேசுவாள். நினைவு தெரிந்து மாமாவை அவள் போனில் பார்த்ததுதான். அவளுக்கு அவர் என் ஐந்தாவது பதிவு, அவ்வளவுதான். என் பிள்ளைக்கு நான் கொடுத்த ஊர் அது. அதுவும் பொய்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ரீட்டா குசினி வாசலில் நின்றாள்.

“அண்ணன் கேட்டதுக்கு என்ன பதில்?”

“அடிக்கல.”

அவள் என்னிடமிருந்து கத்தியைப் பிடுங்கினாள். ஒரு கணம் என் கழுத்து சில்லென்றது. அவள் இறைச்சியை வெட்டத் தொடங்கினாள். எலும்பு தெறித்து ஒரு சில்லு என் நெற்றியில் கீறியது. துடைக்கவில்லை.

“கல்யாணமாகி மூணு மாசம். அந்தக் கைய சீலைல சுத்தி மடியில வச்சிக்கிட்டு லொறியில மாத்தள வரைக்கும் போனது நானு. டாக்டர் ஒட்டிருவாரு, டாக்டர் ஒட்டிருவாருன்னு அதுகிட்ட பேசிக்கிட்டே போனேன்.” ஒரு வெட்டு. “நீ பக்கத்துல உக்காந்திருந்த.” இன்னொரு வெட்டு. “ஒனக்கு ஒரு வார்த்த வரல.”

பலகை பிளந்துவிட்டது. அவள் கத்தியை அதிலேயே குத்தி நிறுத்திவிட்டு வெளியே போனாள். ஷரோன் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் விளங்கிற்றா என்று தெரியவில்லை. “அப்பா, மாமா ஏன் ஃபோன்ல அழுதாங்க?” என்று தமிழிலேயே கேட்டாள். மச்சான் அழுததை நான் கவனிக்கவே இல்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பதினேழு வருஷம் ஓடியது. அதனால் நான் பெரிய கெட்டிக்காரன் என்று ஆகாது. என்னை நம்பியவர்கள் அவ்வளவு நல்லவர்கள், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை ஏழாவது பெட்டியில் “நான்” என்று எழுதினேன். ஜூலி படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி படித்தாள். “லீவ் இட் வித் மீ” என்றாள். பதினாலு வருஷத்தில் நான் படித்த ஆங்கிலத்தில் அதற்கு அர்த்தம் கதவு சாத்துகிற சத்தம். அன்று மாலையே கடிதம் வந்தது. நேர்முகம் நடக்காது. இரண்டே வரி, மிக மரியாதையாக.

பதிவையும் திருத்தினேன். நான் ஜெனரேட்டர் போட்டதையும், மணி அடிக்காததையும், சுமனதாசவின் பல்லையும் சேர்த்தேன். இந்த முறை ஆங்கிலத்தில் ஷரோன் எழுதவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு நானே எழுதினேன். சீகிரியாக்காரர் “அண்ணே, நீங்களா?” என்று மட்டும் எழுதியிருந்தார். இன்னொருவர் என் தாயை இழுத்து எழுதியிருந்தார். அதை நான் அழிக்கவில்லை.

6

புதன்கிழமை காலை நானே கூப்பிட்டேன். அங்கே கடையில் வியாபார நேரம். படத்தில் தராசுத் தட்டு, மிளகுச் சாக்கு, மச்சானின் முகம்.

“என்ன மாப்ள, இன்னிக்கி படம் நிக்கலியா?”

“நிக்கல மச்சான். நான் மணி அடிக்கல.”

தட்டிலிருந்த மிளகை அவர் இடது கையால் வழித்துச் சாக்கில் தள்ளினார். கடைசி மிளகு வரை வழித்தார்.

“ஏன்?”

“மழ மச்சான். மணி வராந்தாவுல அந்தப் பக்கம் தொங்குச்சு. நனைஞ்சுக்கிட்டு சுத்திப் போகணும்.”

“எத்தன எட்டு?”

“பன்னெண்டு இருக்கும்.”

“பன்னெண்டு எட்டு.” நிறுத்துப் பார்க்கிறவர் மாதிரி சொன்னார். “அன்னிக்கே தெரிஞ்சிருந்தா தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட வந்து ஒன்ன லயத்து வாசல்லயே சாச்சிருப்பேன். அப்ப ஆத்திரம் இருந்துச்சு, கை இல்ல. இப்பவும் கை இல்ல. எடது கையால வெட்டுனா ஒனக்கு மீச மட்டுந்தான் போகும்.”

சிரிப்பு எங்கள் இருவருக்கும் வரவில்லை.

“எனக்குத் தெரிஞ்ச கத கேக்குறியா?” என்றார். “சுமனதாச மாத்தயா பென்சன் எடுத்த பொறகு வாராவாரம் கராம்பு கொண்டாருவாரு. ஏழு வருசம் அவருகூட ஒரு வார்த்த பேசாம நிறுத்துக் குடுத்தேன். எங் கைய தின்னவன்னு நெனச்சேன். அப்புறம் ஒரு பெரிய வெள்ளிக்கெழம சாமியார் சொன்னாரேன்னு, அந்த மனுசன கூப்புட்டு ஒக்கார வச்சு, ‘ஒங்கள மன்னிச்சிட்டேன் மாத்தயா’ன்னு சொன்னேன். பெரிய மனுசன் மாதிரி. செய்யாத குத்தத்துக்கு நான் குடுத்த மன்னிப்ப, பல்லில்லாத வாயால சரின்னு வாங்கிக்கிட்டாரு மாப்ள. சண்ட முடிஞ்சா போதும்னு வாங்கிக்கிட்டாரு.”

அவர் காலித் தட்டைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

“ஒம் பதிவ நாந்தான் கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் சத்தமா வாசிப்பேன். எங்க மாப்ள எழுதுனதுன்னு. போன வாரம் அஞ்சாவத வாசிக்கிறேன், அந்தா அந்தச் சாக்குமேல ஒக்காந்திருந்த மாத்தயா ‘ஆயெ கியன்ன’ங்குறாரு. இன்னொருக்கா சொல்லுன்னு. மஞ்சள்ங்கிற எடத்த மூணு வாட்டி வாசிக்கச் சொன்னாரு. மூணாவது வாட்டி வாசிக்கயிலதான் எனக்கே கேட்டுச்சு.”

“மச்சான், நான் அவர்கிட்ட…”

“பேசாத. ஒன் வாய்க்கு இப்ப வேல இல்ல. எங்கிட்ட சொல்லிட்ட, அது சரி. எங் கைய மெசின் தின்னுச்சு. அந்தப் பல்ல மெசினா தட்டுச்சு?”

அவர் படத்திலிருந்து கொஞ்சம் விலகினார். அப்போதுதான் பின்னால் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தவரின் முழங்கால் தெரிந்தது. மடியில் கராம்புப் பொட்டலம். முகம் தெரியவில்லை.

மச்சான் இரண்டு கிலோ படிக்கல்லை எடுத்தார். தராசின் இரும்புக் கம்பத்தில் ஓங்கி அடித்தார். ஒன்று. மிளகு துள்ளியது. இரண்டு. ரோட்டில் போன ஒருவர் நின்று திரும்பிப் பார்த்தார். மூன்று.

பிறகு படிக்கல்லைப் பிடித்தபடியே காதை என் பக்கம் சாய்த்துக் காத்திருந்தார்.

பிளந்த பலகை மேசையிலேயே கிடந்தது. அதில் இரண்டு தரம் தட்டினேன்.

அவர் படிக்கல்லை வைத்துவிட்டுப் போனை எடுத்து, அந்த மனிதரின் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்தார்.